வாயில் வருவதை எழுதுவது: டார்செஸ்டரிலிருந்து கிளாஸ்கோ வரை

திங்கள், டார்செஸ்டர்

நாவலாசிரியர் தாமஸ் ஹார்டிக்காக இந்த ஊருக்கு வருகிறவர்கள்தான் அதிகம். நான் தேடி வந்த ஆள் வேறு. ஹை வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் வாசலில் நீண்ட தாடியோடு நிற்கிறார் வில்லியம் பார்ன்ஸ். 1801இல் பிறந்து 1886இல் இறந்தவர், முதலில் பள்ளிக்கூட வாத்தியார், பிறகு பாதிரியார், ஹார்டிக்கு வயதில் மூத்த நண்பர். இந்த டார்செட் வட்டாரத்துப் பண்ணையாட்கள் பேசும் இங்கிலீஷிலேயே கவிதை எழுதி 1844இல் புத்தகமாகவும் போட்டவர்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் பழைய பிழைப்பு. சென்னையில் பல வருடம் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தேன். காதில் ஹெட்போன், காலடியில் பெடல், மிதித்தால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும், கேட்டதை டைப் அடிக்க வேண்டும். பாதிக்கு மேல் பிரிட்டிஷ் குரல்கள். லிவர்பூல்காரர் பேசினாலும் கிளாஸ்கோக்காரர் பேசினாலும் பக்கத்தில் வந்து விழுவது ஒரே அகராதி இங்கிலீஷ், அதுதான் விதி. கோயிங் டு, வான்ட் டு என்பதை 'கானா', 'வானா' என்றெல்லாம் அடிக்கலாமா கூடாதா என்பது மட்டும் கிளையண்டுக்குக் கிளையண்ட் மாறும். அந்தக் குரல்களை அதனதன் ஊரில் வைத்துக் கேட்க வேண்டும், அவற்றை அப்படியே எழுத முயன்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

சரி, சிலைக்கு வருவோம். பீடத்தில் பார்ன்ஸின் கவிதையிலிருந்தே நாலு வரி வெட்டியிருக்கிறார்கள், டார்செட் ஸ்பெல்லிங்கிலேயே. ஃபேஸ் என்ற சொல்லில் உயிரெழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி. ஃபோக் என்பது வோக் ஆகிவிட்டது. சொல்லின் தொடக்கத்தில் வரும் எஃப் பல சொற்களில் வி, எஸ் பல சொற்களில் இசட், அந்தக் காலத்து டார்செட் வாய் அப்படி. மத்தியானம் முழுக்கத் தெருவிலும் டீக்கடையிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆர் மட்டும் நன்றாக உருண்டு கேட்டது, அந்த வி ஒரு இடத்திலும் கிடைக்கவில்லை.

பார்ன்ஸ் உச்சரிப்போடு நிற்கவில்லை, அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். டார்செட் பேச்சில் ஒரு இலக்கணம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். மரம், கத்தி மாதிரி தனக்கென்று ஒரு உருவம் உள்ள பொருளுக்கு ஒரு சுட்டுச்சொல். தண்ணீர், புல், மண் மாதிரி அள்ளிக் குவிக்கிற பொருளுக்கு வேறொரு சுட்டுச்சொல். மரத்தை 'ஹீ' என்பார்கள், தண்ணீரை 'இட்' என்பார்கள். லண்டன் படிப்பாளிகள் கொச்சை என்று ஒதுக்கிய பேச்சில் அவர்களுடைய இங்கிலீஷில் இல்லாத ஒரு நுணுக்கம்! இது கெட்டுப்போன இங்கிலீஷ் இல்லை, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆல்ஃபிரட் அரசன் காலத்து வெசெக்ஸ் நாட்டுப் பேச்சின் நேர் வாரிசு என்று அவர் கடைசிவரை வாதாடினார்.

இன்னொரு பைத்தியமும் அவருக்கு உண்டு. லத்தீன் சொற்களையே இங்கிலீஷை விட்டு விரட்ட வேண்டும் என்பார். ஆம்னிபஸ்ஸுக்கு 'ஃபோக்வெய்ன்', போட்டோவுக்கு 'சன்பிரிண்ட்' என்று சொந்தச் சரக்கில் புதுச் சொற்கள் செய்து வைத்தார். ஒன்றும் ஓடவில்லை. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் என்று கிளம்பியபோது நம் ஊரில் கதை எவ்வளவு வேறு மாதிரி போயிற்று என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸை, அதாவது பேருந்தைப் பிடித்தேன்.

செவ்வாய், பிரிஸ்டல்

மழை. அதனால் சுருக்கமாக.

பழைய பிரிஸ்டல்காரர்கள் 'அ' ஓசையில் முடியும் சொல்லின் வாலில் ஒரு எல் ஒட்டுவார்கள். ஏரியா 'ஏரியல்' ஆகும், ஐடியா 'ஐடியல்' ஆகும். ஊரில் ஒரு பழைய ஜோக் உண்டு: ஒருவருக்கு மூன்று பெண்கள், ஈவா, ஐடா, நார்மா. அப்பா கூப்பிட்டால் ஈவில், ஐடில், நார்மல். அதாவது ஒருத்தி தீயவள், ஒருத்தி சோம்பேறி, ஒருத்திக்கு மட்டும் ஒன்றுமில்லை.

இதில் ரசமான விஷயம் ஊர்ப்பெயர். பழைய பெயர் 'பிரிக்ஸ்டோ', பாலத்தடி ஊர் என்று பொருள். வாலில் எல் ஒட்டி ஒட்டியே அது பிரிஸ்டல் ஆகி, வரைபடத்திலும் ஏறி, ரயில் டிக்கெட்டிலும் ஏறிவிட்டது. கொச்சையாக எழுதாதே என்று இந்த ஊர்க் குழந்தைகளிடம் சொல்லும் வாத்தியார் முதலில் பள்ளிக்கூடத்துப் போர்டைத் திருத்த வேண்டும்.

புதன், லிவர்பூல்

லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வாசலிலேயே காது நிறைந்துவிட்டது. முன்னால் போன ரெண்டு பையன்களில் ஒருவன் சிக்கன் என்று சொன்னான், நான் கேட்டது 'சிஹ்ஹன்'. இந்த ஊர்ப் பேச்சுக்கு ஸ்கவுஸ் என்று பெயர், 'லாப்ஸ்கவுஸ்' என்று கப்பல்காரர்கள் சாப்பிட்ட இறைச்சிக் குழம்பிலிருந்து வந்தது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது கூட்டம் கூட்டமாக மக்கள் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள், பேச்சும் அக்கம்பக்கத்து லங்காஷயர் பேச்சை விட்டு விலகித் தனி வழியில் போய்விட்டது.

அந்தக் 'க்'கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகம், மகன் என்று சொல்லும்போது நடுவில் வரும் க-வை நாம் அழுத்துவதில்லை, தொண்டையில் லேசாக உரசிவிட்டுப் போகிறோம். லிவர்பூல்காரர் 'புக்', 'பேக்' என்று முடிக்கும்போது அதே உரசல்தான், கொஞ்சம் கரகரப்பு கூட. ஆங்கில எழுத்து 26இல் இதை எழுத வழி இல்லை. சி-ஹெச் போட்டால் 'ச' என்று படிப்பார்கள், கே-ஹெச் போட்டால் அரபிச் சொல் மாதிரி இருக்கும். அதனால் ஸ்கவுஸ் எழுதுகிறவர்கள் காதுக்கு முதலில் படும் இந்த ஒலியை விட்டுவிட்டு, எழுத வருவதை மட்டும் எழுதுகிறார்கள். கிவ் அஸ் எ என்பது 'கிஸ்ஸ', கெட் ஆஃப் என்பது 'கெரோஃப்', லாட் ஆஃப் என்பது 'லோர'.

'கிஸ்ஸ ஜாப்'. 'ஒரு வேலை குடுய்யா.' ஆலன் பிளீஸ்டேல் எழுதி 1982இல் பிபிசியில் வந்த தொடரில் யோசர் ஹியூஸ் என்ற பாத்திரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிவான். நாட்டில் 30 லட்சம் பேருக்கு மேல் வேலையில்லாமல் இருந்த வருடம் அது. அந்த லிவர்பூல் வாக்கியம் நாடு முழுக்க எல்லோர் வாயிலும் ஏறியது.

ஆல்பர்ட் டாக் பக்கம் நினைவுப்பொருள் கடைகளில் பீங்கான் கப், டவல், காந்தம் எல்லாவற்றிலும் ஸ்கவுஸ் வாக்கியங்கள். இதற்கெல்லாம் மூத்த அண்ணன் ஃபிராங்க் ஷா 1966இல் போட்ட ஸ்கவுஸ் கற்றுக்கொள்ளும் புத்தகம். வெளிநாட்டுப் பயணிகள் கையில் வைத்திருக்கும் வாக்கியக் கையேட்டைக் கிண்டலடிப்பது மாதிரி எழுதியது. அது ஓடியதும் 1969இல் நியூகாசிலுக்கு ஒன்று, 1970இல் பிரிஸ்டலுக்கு ஒன்று என்று வரிசையாக வந்தன. உள்ளூர்க்காரரே உள்ளூர்க்காரருக்கு எழுதிய வேடிக்கை என்பதால் யாருக்கும் கோபம் இல்லை. கப் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. அதில் பாதிச் சொற்களுக்கும் லிவர்பூலுக்கும் சம்பந்தமே இல்லை. செஸ் (சொல்கிறார்) என்பதை எஸ்-ஈ-இசட் என்று அச்சடித்திருக்கிறார்கள், வாஸ் (இருந்தது) என்பதை டபிள்யூ-யூ-இசட் என்று. இங்கிலீஷ் பேசுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே அந்தச் சொற்களை அப்படித்தானே சொல்கிறார்கள்? சார்லஸ் ராஜாவும் 'செஸ்' என்றுதான் சொல்கிறார். அவர் பேச்சை யாரும் எஸ்-ஈ-இசட் என்று அச்சடிப்பதில்லை. அந்த ஸ்பெல்லிங் ஒலியைக் காட்டவில்லை, பேசுகிறவன் படிக்காதவன் என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

வியாழன், லீட்ஸ்

பென்னைன் மலைகளைத் தாண்டி யார்க்ஷயர். முதல் வேலையாகக் கிர்க்கேட் மார்க்கெட். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் முதல் கடை, எது எடுத்தாலும் ஒரு பென்னி என்று 1884இல் ஆரம்பித்தது, இங்கேதான்.

யார்க்ஷயர் பேச்சு என்றதும் 'த' (the) என்ற சொல்லுக்குப் பதில் எல்லோரும் எழுதுவது டீ என்ற எழுத்தும் ஒரு அபாஸ்ட்ரஃபியும் (மேலே போடும் ஒற்றைக்குறி). 'டவுன் டு பப்' என்று தொலைக்காட்சி நகைச்சுவைகளில் 'ட'வை வெடித்து வெடித்துச் சொல்வார்கள். டீ ஸ்டாலில் உட்கார்ந்து அந்த 'ட'வுக்காகக் காத்திருந்தேன். கல்லாவில் இருந்த அம்மாள் என்னை 'லவ்' என்று கூப்பிட்டு, பன்னைப் பையில் போடட்டுமா என்று கேட்டார். 'இன் த பேக்' என்பதில் 'த' இருக்க வேண்டிய இடத்தில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறந்தது. அவ்வளவுதான், 'ட' இல்லை. இன்னொரு பன் வாங்கும் சாக்கில் மறுபடி கேட்டேன், அதே அடைப்பு. தொண்டை அடைப்பதற்கு ஆங்கிலத்தில் எழுத்து கிடையாது, எவரோ பக்கத்து வீட்டு டீயைக் கடன் வாங்கிப் போட்டார், வெளியூர் நடிகர்கள் அதைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து வந்த கிண்டல், வாயைப் பார்த்து வந்ததில்லை.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் ஹரால்டு ஆர்ட்டன் 1950இலிருந்து 1961 வரை இங்கிலாந்து வட்டார வழக்குகளைச் சேகரித்தார். 313 ஊர்கள், அநேகமாக எல்லாம் கிராமம். கேள்விகள் 1,300க்கு மேல். ஊரை விட்டு அதிகம் நகராத வயதான ஆட்களாகத் தேடிப் பிடிப்பார்கள், பெரும்பாலும் விவசாயிகள். சொல்லை இவர்கள் வாயால் சொல்லிவிடக் கூடாது. பொருளைக் காட்டியோ சுற்றி வளைத்து விவரித்தோ 'இதை என்னவென்று சொல்வீர்கள்' என்று கேட்டு, வரும் பதிலை ஒலிக்குறிகளில் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். பசுவின் மடி முதல் வண்டியின் அச்சாணி வரை கேட்டால் ஒரு ஆளுக்கே நாள்கணக்கில் ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கிழவர்களின் பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

அதே லீட்ஸில் ரொட்டிக்கடைத் தொழிலாளியின் மகன் டோனி ஹாரிசன். 1937இல் பிறந்தவர், ஸ்காலர்ஷிப்பில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனார். வகுப்பில் கீட்ஸ் கவிதையை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தவரை வாத்தியார் பாதியில் நிறுத்தினார். இந்த வாயை வைத்துக்கொண்டு கீட்ஸைத் தொடாதே என்கிற மாதிரி. நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது மெக்பெத்தின் குடிகார வாயில்காவலன் வேடம். கவிஞராகி இதையே கவிதையாக எழுதினார், அதன் தலைப்பில் 'அஸ்' என்ற சொல்லை லீட்ஸ் வாயில் வருவது போல, ஆர்ட்டனின் ஆட்கள் பயன்படுத்தியது மாதிரியான ஒலிக்குறிகளில் போட்டார். அதில் ஒரு குத்தும் உண்டு: கீட்ஸே லண்டன் காக்னி வாய்க்காரர்தான். வேர்ட்ஸ்வொர்த் மேட்டர் என்பதற்கு வாட்டர் என்று எதுகை போட்டாரே, அது அவருடைய வடக்கத்தி வாயில் சுத்தமாகப் பொருந்தும், பாடம் நடத்திய வாத்தியார் வாயில்தான் பொருந்தாது.

வெள்ளி, நியூகாசில்

ரயிலில் வரும்போது மனதில் ஓடியது ஸ்டான்லி எல்லிஸ் கதை. ஆர்ட்டனின் களப்பணியாளர்களில் முக்கியமானவர். 1979 ஜூனில் யார்க்ஷயரில் பெண்களைத் தொடர்ந்து கொலை செய்துவந்தவனைத் தேடிக்கொண்டிருந்த போலீசுக்கு ஒரு கேசட் வந்தது, 'நான்தான் அவன்' என்று ஒரு குரல். எல்லிஸைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். அவர் சண்டர்லாந்து நகருக்குள்ளேயே காசில்டவுன், சவுத்விக் பக்கம் என்று பேட்டையைக் குறித்துக் கொடுத்தார். கூடவே, இது போலியாக இருக்கலாம் என்றும் அவரும் இன்னொரு மொழியறிஞரும் எச்சரித்தார்கள். போலீஸ் முதல் பாதியை மட்டும் கேட்டது. அந்தப் பேச்சு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொண்டே போனார்கள். உண்மைக் கொலைகாரன் பிராட்ஃபோர்டு ஆள், யார்க்ஷயர் வாய். 1981 ஜனவரியில் பிடிபடும் முன் இன்னும் மூன்று பெண்களைக் கொன்றான். கேசட் அனுப்பியவன் 2005இல்தான் மாட்டினான், சண்டர்லாந்துக்காரன், எல்லிஸ் சொன்ன பேட்டை சரி. ஒருவரின் உச்சரிப்பு இத்தனை துல்லியமாக ஆளைக் காட்டும், அதை நம்பி இத்தனை பெரிய தப்பும் நடக்கும்.

நியூகாசிலுக்கும் சண்டர்லாந்துக்கும் நடுவே மெட்ரோ ஓடுகிறது, பக்கத்துப் பக்கத்து ஊர்கள். வா, போகலாம் என்று உற்சாகப்படுத்தும் சொல் இரண்டு ஊருக்கும் பொது. நியூகாசிலில் 'ஹவ்வே', ஸ்பெல்லிங்கில் ஓ. சண்டர்லாந்தில் 'ஹாவே', ஸ்பெல்லிங்கில் ஏ, நடுவில் ஒரு அபாஸ்ட்ரஃபியும் உண்டு. இரண்டு ஃபுட்பால் மைதானத்திலும் அவரவர் ஸ்பெல்லிங்கை எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை.

தங்கியது நண்பனின் அக்கா வீட்டில். பாளையங்கோட்டைக்காரர், இங்கே நர்ஸ். பையனுக்குப் பதினான்கு வயது, அம்மாவிடம் தமிழ், வாத்தியாரிடம் சுத்த இங்கிலீஷ், போனில் நண்பர்களுக்கு டைப் அடிப்பது மட்டும் ஜியார்டி, அதாவது இந்த ஊர்ப் பேச்சு. வீட்டுக்குப் போகிறேன் என்பதை 'கான் யெம்' என்று அடிக்கிறான். சில சமயம் முன்னால் ஒரு ஹெச் சேர்க்கிறான், சில சமயம் இல்லை. எது சரி என்று கேட்டேன், தோளைக் குலுக்கினான்.

"பள்ளிக்கூடத்துல எழுதுதது வேற, போன்ல எழுதுதது வேற தம்பி. நான் ஒண்ணும் கேட்டுக்கிடுததில்ல. ஊர்ல நம்ம பிள்ளைய மட்டும் வாட்ஸப்ல எப்படி எழுதுதுக?" என்றார் அக்கா.

அதுவும் சரிதான். 1862இல் ஜியார்டி ரிட்லி என்ற பாட்டுக்காரர் பிளேடன் குதிரைப் பந்தயத்தைப் பற்றி இந்த ஊர்ப் பேச்சில் கட்டிய பாட்டை இன்றும் மைதானத்தில் பாடுகிறார்கள். 1979இல் இங்கே தொடங்கிய விஸ் என்ற நகைச்சுவைப் பத்திரிகை ஜியார்டி ஸ்பெல்லிங்கை நாடெங்கும் கொண்டுபோனது. இந்தப் பையனுக்கு அச்சுக்கூடமும் தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரவு ஆட்டுக்கறிக் குழம்பு, ஸ்டாட்டி என்கிற உள்ளூர் ரொட்டியோடு. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

சனி, கிளாஸ்கோ

நாள் முழுவதும் மிட்செல் நூலகத்தில் இருந்துவிட்டேன். வெளியே நல்ல வெயில், இந்த ஊரில் அபூர்வம், உள்ளே கிடந்ததற்காக வரவேற்பில் இருந்தவரே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

முதலில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் (டார்செட் பார்ன்ஸ் வேறு). 1786இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் அபாஸ்ட்ரஃபிகளாகக் கொட்டிக் கிடக்கின்றன. வித் என்பதற்கு ஸ்காட்ஸில், அதாவது ஸ்காட்லாந்தின் சொந்தப் பேச்சில், 'வி' என்றுதான் சொல்வார்கள், அதில் எந்த எழுத்தும் விழவில்லை. ஆனாலும் இங்கிலீஷ் வாசகருக்கு 'ஒரு எழுத்தை விழுங்கிவிட்டோம், மன்னிக்கவும்' என்று சொல்வது போல ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு குறி. இதற்கு மன்னிப்புக்குறி என்றே பட்டப்பெயர் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் ஸ்காட்ஸ் கவிஞர்கள் அதைக் கைவிட்டார்கள், 1947இல் சிலர் கூடி எழுத்துமுறைக்கு ஒரு குறிப்பேடே தயாரித்தார்கள். இல்லாத எழுத்துக்கு ஏன் மன்னிப்பு?

டாம் லெனர்ட் என்ற கவிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் எழுதியது கிராமத்து ஸ்காட்ஸ் இல்லை, கிளாஸ்கோ தெருப் பேச்சு, ஸ்காட்ஸ் அபிமானிகளே அதைச் சாக்கடைப் பேச்சு என்று தள்ளிவைத்த காலம். ஒரு கவிதையில் ஆறு மணிச் செய்தி வாசிப்பவர் பேசுகிறார். உங்களை மாதிரி பேசினால் செய்தி உண்மை என்று நீங்களே நம்ப மாட்டீர்கள், அதனால்தான் நான் பிபிசி உச்சரிப்பில் வாசிக்கிறேன் என்கிறார். அதை அவர் சொல்வது முழுக்க முழுக்கக் கிளாஸ்கோ ஸ்பெல்லிங்கில். லிவர்பூல் கப்பில் நான் பார்த்த தந்திரத்தை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார். அங்கே ஏழையின் பேச்சு தப்பும் தவறுமாக அச்சாகிறது, இங்கே அதிகாரத்தின் பேச்சு.

அப்புறம் நாவலாசிரியர் ஜேம்ஸ் கெல்மன். 1994இல் புக்கர் பரிசு. நடுவர்களில் ஒருவரே வெளியில் வந்து, இதற்குப் போய்ப் பரிசா, அவமானம் என்றார். வசவு அதிகம் என்பது பேச்சாக இருந்தது, எனக்கென்னவோ உறுத்தியது வேறு என்று படுகிறது. வழக்கமான நாவலில் பாத்திரங்கள் வட்டார வழக்கில் பேசுவார்கள், கதைசொல்லி அகராதி மொழியில் மேலே நின்று விவரிப்பார். கெல்மனிடம் மேற்கோள்குறியே கிடையாது. பேச்சு எங்கே முடிகிறது, விவரணை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது, கதைசொல்லியும் அதே தெருவில் நிற்கிறார். நம்மிலும் உரையாடலை மட்டும் கொச்சையில் விட்டு, 'என்று அவன் கூறினான்' என்று எழுத்துத்தமிழில் மூடுவதுதான் பெரும்பாலோர் பழக்கம். கி. ராஜநாராயணன் மாதிரி கதைசொல்லியின் வாயையே கரிசல் வாயாக வைத்தவர்கள் கொஞ்சம்தான். கி.ரா. கரிசல் சொற்களுக்கு அகராதியும் போட்டார். வில்லியம் பார்ன்ஸும் டார்செட்டுக்கு ஒன்று போட்டவர்தான்.

சாயங்காலம் ஒரு பப்பில் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், நீங்கள் பேசுவது ஸ்காட்ஸ்தானே என்று கேட்டேன். சேச்சே, இது சும்மா ஸ்லாங் என்றார். 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசுவோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதற்கு அதிகாரபூர்வ நிலையே கொடுத்துச் சட்டம் போட்டது என்றேன். ஓ என்றார். அரசாங்கம் எழுதப்போகும் ஸ்காட்ஸ் எந்த ஊர் வாய் என்று அவர் என்னைக் கேட்டார். கிளாஸ்கோவா, எடின்பரோவா? ஒரே ஸ்பெல்லிங் வைத்தால் அது என் பேச்சாக இருக்காது, ஊருக்கு ஒன்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பார்கள்? எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று வைத்துக்கொண்டு காலம் காலமாகச் சமாளிக்கும் ஊரிலிருந்து வருகிறேன், எங்களுக்கே இன்னும் முடிவாகவில்லை என்றேன். சிரித்துவிட்டு அவர் கணக்கில் ஒரு பைன்ட் சொன்னார்.

நாளை காலை அபர்டீன். அங்கே டோரிக் பேச்சு, டபிள்யூ-ஹெச் வரும் இடமெல்லாம் எஃப். வாட் என்பது 'ஃபிட்', எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு 'ஃபிட் லைக்'. பெரியவரிடம் சொன்னேன், அந்த ஊர்க்காரர்கள் பேசுவது தனக்கே புரியாது என்றார். ஏழரைக்கு ரயில்.